ஐந்து நடையா, இரண்டு நடையா: தருமபுரியில் ஒரு இரும்பு ஊசியின் கணக்கு

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதை "நடை" என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் போனாலும் ஆட்டோவில் போனாலும் அது நடைதான். "மூணு நடை அலைஞ்சேன், அப்புறந்தான் ஸ்கேன் எடுத்தாங்க" என்று சொல்வார்கள். இந்த ஆய்வு தொடக்கத்தில் ஒரு மருந்தின் விலையைப் பற்றியது. முடிவதற்குள் அந்த ஒரு சொல்லைப் பற்றியதாக மாறிவிட்டது.

நான் பாலக்கோட்டுக்காரன். பெங்களூரில் ஒரு மருந்து நிறுவனத்தில் சுகாதாரப் பொருளாதாரம், சிகிச்சைப் பலன் ஆய்வுப் பிரிவை நடத்துகிறேன். அலுவலகத்தில் ஹெச்.இ.ஓ.ஆர். என்பார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு பிரிவு இருக்கிறது. அது கொடுக்கும் காசுக்குத் தகுமா, யாருக்குத் தகும், நோயாளியின் அன்றாடத்தில் என்ன மாறுகிறது என்பதைக் கணக்குப் போட்டு, மருந்து வாங்குகிறவர்கள் முன்னால் வைப்பது எங்கள் பிரிவு. கணக்கு நிறுவனத்துக்குச் சாதகமாக வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும். இந்த நிகழ்வில் அது எப்படி நடந்தது என்பதை முழுவதுமாக எழுதுகிறேன்.

மருந்தும் கேள்வியும்

ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்துகளில் நம் அரசு மருத்துவமனைகளில் பழகியது அயர்ன் சுக்ரோஸ். ஒரு தடவைக்கு 200 மி.கி., ஒன்றுவிட்ட நாளில், வாரத்துக்கு 600 மி.கி.க்கு மிகாமல் ஏற்றுவார்கள். இன்னொன்று ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ், சுருக்கமாக எஃப்.சி.எம். இதில் ஒரே தடவையில் 1000 மி.கி. வரை, குறைந்தது 15 நிமிடத்தில் ஏற்றிவிடலாம். இரண்டையும் முதல் மூன்று மாதத்தில் கொடுக்கக்கூடாது. இரண்டுக்கும் ஏற்றி முடிந்த பிறகு அரைமணி நேரம் உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும். எஃப்.சி.எம். மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2023 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்க இறங்கின. எங்கள் நிறுவனமும் அதில் ஒன்று.

விற்பனைப் பிரிவு என்னிடம் ஒரு ஸ்லைடு கொண்டுவந்தது. ஒரே வரி: "ஐந்து முறைக்குப் பதில் ஒரே முறை." அதற்குக் கீழே ஒரு பஸ் படம், ஒரு நோயாளிக்கு மிச்சமாகும் பயணச் செலவு. இதற்குப் பின்னால் நிற்கும் பொருளாதாரக் கணக்கை நான் எழுதித் தரவேண்டும்.

தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவம் ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் இது. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கைக்கு வருகிறது. அப்படியும் இந்த எண். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் எச்.பி., அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, 11 உள்ள பெண் தாங்கிக்கொள்வதை 7 உள்ள பெண்ணால் தாங்க முடியாது. என் சொந்தத்திலேயே பிரசவத்துக்குப் போய், நள்ளிரவில் ரத்தம் தேடி ஆள் ஓடியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அதனால் மாதிரிக் கணக்கை பெங்களூரில் உட்கார்ந்து போடாமல், தருமபுரியில் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நேரில் பார்த்துப் போடலாம் என்று முடிவெடுத்தேன். முறையான அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வாங்க நான்கு மாதம் ஆனது. அதை வீண் தாமதம் என்று நினைக்கவில்லை. மருந்துக் கம்பெனி ஆள் கர்ப்பிணியிடம் கேள்வி கேட்பதற்கு முன் நாலு பேர் யோசிப்பது நல்லதுதான்.

பஸ் இலவசம்

முதல் நாளே ஸ்லைடின் பாதி போய்விட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே வந்திருந்த பெண்களில் பலரும் வெள்ளைப் பலகை பஸ்ஸில் வந்தவர்கள். பயணச் செலவு எவ்வளவு என்று கேட்டபோது என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

பஸ் காசைவிடப் பெரிய செலவுகள் வேறு இருந்தன. காலையில் ஒரு பஸ், அதை விட்டால் பதினோரு மணிக்கு. திரும்ப மூன்று மணிக்கு. மருந்து ஏற அரைமணி, கவனிக்க அரைமணி, மிச்சமெல்லாம் காத்திருப்பு. ஏழு மாதக் கர்ப்பிணியைத் தனியாக அனுப்ப மாட்டார்கள், துணைக்கு மாமியாரோ கணவரோ வரவேண்டும். கணவர் வந்தால் அவருக்கு டிக்கெட். அன்றைக்கு அவர் தக்காளித் தோட்டத்துக்கோ ஓசூர் பக்கம் கட்டட வேலைக்கோ போக முடியாது. அரைநாள் போனாலும் கூலியில் முழுநாள்தான் போகும். மூத்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடவேண்டும். மாடு கறக்க ஆள் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு தொகை வைக்க வேண்டியிருந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் நிர்ணயித்த நாள்கூலி 319 ரூபாய். அதையே அளவாக எடுத்தேன். கர்ப்பிணிக்கு ஒரு நாள், துணைக்கு ஒரு நாள்: ஒரு நடைக்கு 638 ரூபாய்.

எங்கள் நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்தம்மா வேலைக்கே போகலையே, வீட்டு வேலைக்கு யார் கூலி தர்றாங்க?" கூலி யாரும் தருவதில்லை என்பது உண்மை. அவர் ஒரு நாள் எழுந்திருக்காவிட்டால் அந்த வேலையைச் செய்ய இன்னொருவர் தன் கூலி வேலையை விடவேண்டும் என்பதும் உண்மை. வீட்டுப் பெண்ணின் நாளுக்குப் பூஜ்யம் போட்டு வரும் எந்தக் கணக்கிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

42 கிலோ

அடுத்தது "ஒரே முறை". இதுதான் இந்த நிகழ்வின் மையம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. உடல் எடையை, வரவேண்டிய எச்.பி.க்கும் இருக்கும் எச்.பி.க்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4ஆல் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்ட வேண்டும். கர்ப்பிணிக்கு இலக்கு 11 என்று வைப்பார்கள். எடை, கர்ப்பத்துக்கு முந்தைய எடை.

ஸ்லைடில் இருந்த உதாரணப் பெண் 55 கிலோ, எச்.பி. 8.5. கணக்கு 830 மி.கி. வருகிறது. எஃப்.சி.எம். ஒரே பாட்டிலில் முடிந்துவிடும். சுக்ரோஸ் என்றால் 200 வீதம் ஐந்து தடவை. சரியாகத்தான் இருக்கிறது.

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது எடை மெஷினில் ஏறிய பெண்ணின் அட்டையில் முந்தைய எடை 42 கிலோ என்று இருந்தது. எச்.பி. 7. அங்கேயே ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தேன். 42ஐ 4ஆல் பெருக்கி, 2.4ஆல் பெருக்கினால் 403. ஐநூறு கூட்டினால் 903 மி.கி. இனி உச்சவரம்பைப் பார்க்க வேண்டும். எஃப்.சி.எம். ஒரு தடவைக்கு 1000 மி.கி. வரை என்பது எல்லோருக்கும் பொருந்துவதல்ல, எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. கிலோவுக்கு 15 மி.கி. என்று எடுத்தால் இவருக்கு 630. கிலோவுக்கு 20 என்று தாராளமாக எடுத்தாலும் 840. எப்படிப் போட்டாலும் 903ஐ ஒரே நாளில் எட்டாது. அடுத்த வாரம் இன்னொரு நடை வரவேண்டும்.

சூத்திரம் வேண்டாம், ஐரோப்பிய மருந்துக் குறிப்பில் இருக்கும் எளிய அட்டவணையைப் பார்ப்போம் என்றால் அது இன்னும் கறாராக இருக்கிறது. 35 முதல் 70 கிலோவுக்குள், எச்.பி. 10க்குக் கீழே இருந்தால் மொத்தம் 1500 மி.கி. வாரத்துக்கு 1000க்கு மேல் கூடாது. அப்படியென்றால் அந்த 55 கிலோ உதாரணப் பெண்ணுக்கே இரண்டு நடைதான்.

"ஒரே முறை" என்பது எடை கூடின, ரத்தசோகை லேசான பெண்ணுக்குப் பொருந்துகிற வாக்கியம். மருந்து யாருக்கு அதிகம் தேவையோ, அந்த ஒல்லியான, எச்.பி. ஏழில் நிற்கிற பெண்ணுக்கு அது பொய்யாகிவிடுகிறது. ஒரே முறை என்று நம்பி மருத்துவர் ஒரு பாட்டிலோடு அனுப்பிவிட்டால் அவர் அரைகுறை அளவோடு பிரசவத்துக்குப் போவார். இது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. விளம்பர வாசகத்தில் இருக்கும் ஒரு சொல், பிரசவ அறையில் ரத்தமாகக் குறையும்.

திரும்பி வந்து கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஐந்துக்கு எதிராக ஒன்று என்பதை, ஐந்துக்கு எதிராக இரண்டு என்று மாற்ற வேண்டும். மிச்சமாவது நான்கு நடை இல்லை, மூன்று நடை. நம் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு 2,552 ரூபாய் இல்லை, 1,914 ரூபாய். விற்பனை மேலாளருக்கு வருத்தம்தான். "ரெண்டுன்னு போட்டா ஸ்லைடுல ஒண்ணும் நிக்காது சார், போட்டிக் கம்பெனி எல்லாம் ஒண்ணுன்னுதானே சொல்றான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மாத இலக்கு இருக்கிறது. ஆனால் 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறையின்படி, மருந்தைப் பற்றிச் சொல்வது சமநிலையாக இருக்க வேண்டும், ஆதாரத்தோடு இருக்க வேண்டும். "பாதுகாப்பானது" என்ற சொல்லைக்கூட விளக்கம் இல்லாமல் போடக்கூடாது. அதை எடுத்து மேஜையில் வைத்தேன். அதைவிட, அந்த 42 கிலோ துண்டுத்தாளை வைத்ததுதான் வேலை செய்தது. மருத்துவப் பிரிவுத் தலைவர் ஒரு மகப்பேறு மருத்துவர். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "என் பேஷன்ட் எல்லாம் இந்த எடைதான்" என்றார். அன்றே வாசகம் போனது. அதன் இடத்தில் எடையையும் எச்.பி.யையும் வைத்து எத்தனை நடை என்று காட்டும் ஒரு சிறிய அட்டவணை வந்தது.

எதோடு ஒப்பிடுவது

இன்னொரு சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசியை ஊசியோடு ஒப்பிட்டால் எங்கள் மருந்து நன்றாகத் தெரியும். ஆனால் எச்.பி. 9, ஐந்தாம் மாதம் என்றால் முதல் சிகிச்சை மாத்திரைதான். 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் 180 நாள் கொடுப்பது 2018இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் அடிப்படை. ரத்தசோகை கண்டவருக்கு அதையே இரண்டாக்குவார்கள். மாத்திரை ஒத்துக்கொள்கிற பெண்ணுக்கு ஊசி வேண்டாம். அதனால் எச்.பி. மிகக் குறைந்தவர்கள், மாத்திரை வாந்தியாகிறவர்கள், மாத்திரைக்கு நேரமில்லாத கடைசி மாதங்களில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்று மூன்று கூட்டத்துக்கு மட்டும் எங்கள் கணக்கைச் சுருக்கினேன். சந்தை சின்னதானது. கணக்கு நம்பும்படி ஆனது.

பாதுகாப்புப் பகுதியிலும் ஒன்று சேர்த்தேன். எஃப்.சி.எம். ஏற்றிய சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைவது தெரிந்த விஷயம். திரும்பத் திரும்ப ஏற்றினால் எலும்பு வரை பாதிக்கலாம். தருமபுரி, நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த மாவட்டம். பல் மஞ்சளான, முட்டி மடங்காத பெரியவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். எலும்பு ஏற்கெனவே அடிவாங்கிய ஊரில் இந்த மருந்தைக் கொடுப்பதென்றால், இரண்டாவது தடவைக்குப் பிறகும் தேவைப்படுகிறவர்களுக்குப் பாஸ்பேட் பார்க்கும் செலவையும் எங்கள் பக்கக் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினேன்.

"ஒரு பிரச்சனையும் இல்ல"

செலவு ஒரு பக்கம். பலனை அளப்பது இன்னும் கடினம். உலகம் முழுக்கப் பயன்படும் ஈ.க்யூ.-5டி என்ற படிவம் இருக்கிறது. நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. எல்லாவற்றுக்கும் "பிரச்சனை இல்லை" என்றால் 11111, அதாவது முழு ஆரோக்கியம், மதிப்பு 1. இந்தியர்களின் பதில்களை வைத்தே இந்தியாவுக்கான மதிப்பெண்களும் வந்துவிட்டன. இங்கே சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென 2017இல் அமைந்த மத்திய அரசின் அமைப்பு எதிர்பார்ப்பதும் இந்த வழிதான்.

முன்சோதனைக்காக அதே 42 கிலோ பெண்ணிடம் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்தோம். எட்டாம் வகுப்பு படித்தவர், தானே வாசித்தார். ஐந்திலும் முதல் கட்டத்தில் டிக். எச்.பி. 7 உள்ள பெண், காகிதத்தில் முழு ஆரோக்கியம். இப்படியே வந்தால் மருந்து ஏற்றிய பிறகு முன்னேற இடமே இல்லை, பலன் பூஜ்யம்.

நான் ஏதோ கேட்கப் போனேன். பக்கத்தில் இருந்த கிராம சுகாதார செவிலியர், "இருங்க சார்" என்று கையைக் காட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வேலை செய்யறதுல ஒண்ணும் பிரச்சனை இல்லியா?"

"இல்லக்கா. எல்லா வேலையும் நான்தான செய்யறேன்."

"தண்ணி எங்கிருந்து எடுக்கற?"

"மேட்டு டேங்குல."

"குடத்த எத்தன எடத்துல எறக்கி வெப்ப?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "முன்ன ஒரே மூச்சுல வந்துருவேன். இப்ப மூணு எடத்துல எறக்கி வெச்சு வெச்சு வரேன். கண்ணு கட்டிட்டு வருது."

அதே படிவத்தில் நூறு வரை கோடு போட்ட அளவுகோல் ஒன்றும் உண்டு, இன்றைய உடல்நிலையைக் குறிக்க. அதில் அவர் விரல் அறுபதுக்குப் பக்கத்தில் நின்றது. ஐந்து கேள்வியில் நூற்றுக்கு நூறு, அளவுகோலில் அறுபது. அவர் பொய் சொல்லவில்லை. வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டோம், செய்கிறேன் என்றார். செய்தே ஆகவேண்டிய வேலைக்கு முடியும், முடியாது என்ற பேச்சே இல்லை. அது எவ்வளவு வாட்டுகிறது என்று படிவம் கேட்கவில்லை.

ஈ.க்யூ.-5டி படிவத்தில் ஒரு எழுத்தைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. மாற்றினால் அந்த மதிப்பெண்கள் பொருந்தாது. அதனால் படிவத்தை அப்படியே விட்டுவிட்டு, சோர்வுக்கென ஒரு தனித்தாள் சேர்த்தோம். அதில் முதல் கேள்வி செவிலியருடையது: குடம், எத்தனை இடம். அந்தப் பதிலை வைத்து க்வாலி கணக்கு, அதாவது ஆயுளையும் அதன் தரத்தையும் சேர்த்து அளக்கும் கணக்கு, போட முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் மருந்து ஏற்றி நாலு வாரம் கழித்து மூன்று இடம் ஒரு இடமானால், அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் என் உதவி தேவையில்லை.

இரண்டு பத்தி

கடைசி அறிக்கையில் செலவுப் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ஒன்று அரசுக்கு, இன்னொன்று குடும்பத்துக்கு. தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் வழியாக மருந்து வாங்குகிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை அது. அரசு பத்தியில் ஒரு மில்லிகிராம் இரும்புக்கு எஃப்.சி.எம். விலை கூடுதல். அதற்கு எதிராக மிச்சமாவது மூன்று ஊசிக்குழாய், மூன்று சலைன் பாட்டில், செவிலியரின் மூன்று மணிநேரம், ஒரு கட்டில். குடும்பத்தின் பத்தியில் 1,914 ரூபாய். அந்த ரூபாய் எந்தக் காலத்திலும் அரசின் பெட்டியில் வந்து விழாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி "மொத்த மிச்சம்" என்று ஒரு பெரிய எண் போட எனக்கு ஆலோசனை வந்தது. கூட்டவில்லை. பணம் தருபவர் வேறு, பலன் அடைபவர் வேறு என்றால் அதை மறைக்காமல் காட்டுவதுதான் வாங்குகிறவருக்குச் செய்யும் மரியாதை.

அதோடு, அரசுக்கு இந்த இரண்டாவது பத்தி புரியாது என்று நினைப்பதும் தவறு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். நடை என்பது ஒரு செலவு என்று ஒத்துக்கொண்டதால்தான் அப்படி ஒன்றைச் செய்ய முடிந்தது.

அறிக்கையில் ஒரு நிபந்தனையையும் தடித்த எழுத்தில் போட்டேன். இந்த மிச்சம் எல்லாம் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால்தான். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலினும் பழகிய கையும் அங்கே இருக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் மட்டும் வைத்துவிட்டு, சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண்ணை அங்கே வரச்சொன்னால், பக்கத்தில் ஐந்து நடை போவதைவிட அந்த இரண்டு நடை அதிகச் செலவாகலாம்.

அறிக்கை போய்விட்டது. அடுத்த கட்டம் அஞ்செட்டிப் பக்கம். அங்கே கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகள் நிறைய, தமிழ்ப் படிவத்தைக் கொடுத்தால் மரியாதைக்கு டிக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஈ.க்யூ.-5டி அந்த இரண்டு மொழியிலும் இருக்கிறது. எங்கள் தனித்தாளைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். அங்கே உள்ள செவிலியர் ஒருவருக்குப் போன வாரம் அனுப்பினேன். குடம் கேள்வியை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "எங்க பக்கம் நிறைய வீட்டுல குழாய் வந்துருச்சு சார். விறகுக் கட்டுன்னு வைங்க, சரியா சொல்லுவாங்க."

மாற்றிவிட்டேன்.